சாம்பலும் ஓட்டுச் சில்லும்

ஆனி மாதம் பிறந்து, மேற்கு மலையின் முகடுகளில் கருமேகம் கவிந்து, தென்றலோடு மெல்லிய தூறலும் இறங்கத் தொடங்கிவிட்டால், தென்காசி நகரின் முகமே மாறிவிடும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று மக்கள் வெள்ளம் அலைமோதும். பேருந்துகளின் கூரை தெரியாத அளவுக்குச் சாலை நெரியும். இக்காட்சியை அறியாத வாசகர்கள் நம்மில் அதிகம் இருக்க மாட்டார்கள். ஆயின், அந்தக் கூட்டம் நீராடி, உண்டு, களித்துச் சென்ற மறுநாள் காலையில் அவ்விடங்களைக் கண்டவர்கள் எத்தனை பேர்? எண்ணெய்ப் பொட்டலங்கள், சோற்றுப் பொதியின் உறைகள், தண்ணீர்ப் புட்டிகள், மதுப் புட்டிகளின் உடைசல்கள்! ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்யப்பட்டவை. அத்தடை ஏட்டில் இருக்கிறது. நெகிழி சிற்றாற்றில் மிதக்கிறது. அதே சிற்றாறுதான் நம் வயல்களுக்கும் குளங்களுக்கும் நீர் தந்துவிட்டுச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது.

எனினும், இக்கட்டுரை அருவியைப் பற்றியதன்று. ஒரு வீட்டைப் பற்றியது.

எங்கள் பங்கில் கணவரை இழந்த தாய் ஒருவர் இருக்கிறார். பீடி சுற்றி இரண்டு பெண் மக்களைப் படிக்க வைப்பவர். மண் சுவரும் நாட்டோட்டுக் கூரையுமாக இருந்த அவருடைய வீட்டின் பின்சுவர், 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென் மாவட்டங்களை உலுக்கிய பெருமழையில் கரைந்து விழுந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அதே நாள்கள்தாம் அவை. விழுந்த சுவருக்குத் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு ஓராண்டுக்கு மேல் அக்குடும்பம் காலம் தள்ளியது. பின்னர் அரசின் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் அவர் பெயர் வந்தது. 360 சதுர அடி வீடு. அரசு தருவது மூன்றரை லட்சம் ரூபாய். அதுவும் வேலை உயர உயரத் தவணையாக. இன்றைய விலைவாசியில் அத்தொகைக்குள் ஒரு வீட்டை முடிப்பது எளிதன்று என்பதைக் கட்டிப் பார்த்தவர் அறிவர். பாதியில் நின்றுபோன சுவர்கள் நம் ஊர்களில் எத்தனை! ஆகவே, எங்கள் வின்சென்ட் தெ பவுல் சபையினர் சிலர் கணக்கு எழுதவும் பொருள் தேடவும் துணை நின்றோம். அந்த வேலையில் கற்றதைத்தான் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ஐந்து மைல் வட்டம்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், சீனாவில் மருத்துவப் பணி ஆற்றிவிட்டு இங்கிலாந்து திரும்பும் வழியில், இளம் ஆங்கிலேயர் ஒருவர் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்தார். லாரி பேக்கர் என்பது அவர் பெயர். 1917-இல் பர்மிங்காமில் பிறந்தவர். கட்டடக் கலை பயின்றவர். அவர் காந்தியடிகளைக் காணச் சென்றபோது அடிகளின் கண் முதலில் பட்டது அவருடைய காலணிகளின் மீது. கழித்த துணிகளைக் கொண்டு சீன முறையில் தைத்த காலணிகள் அவை. பேச்சு அங்கே தொடங்கிற்று. நல்ல கிராமத்தின் வீடு, அதைச் சுற்றி ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைக்கும் பொருள்களாலேயே கட்டப்பட வேண்டும் என்று அடிகள் கூறினாராம். அக்கூற்றைப் பேக்கர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. 1945-இல் தொழுநோயாளருக்கான பணிக்கென்று இந்தியா வந்தவர், இமயமலைப் பகுதியிலும் பின்னர்க் கேரளத்திலுமாக வாழ்ந்து, 2007-இல் திருவனந்தபுரத்தில் கண்மூடும் வரை ஏழைக்கேற்ற கட்டடங்களைக் கட்டிக்கொண்டே இருந்தார். அவர் குவேக்கர் சபையைச் சார்ந்தவர். ஆயினும் அவருடைய பணியைத் தொடக்கத்திலேயே இனங்கண்டு ஊக்குவித்தவர்களுள் திருவனந்தபுரம் மலங்கரைப் பேராயர் பெனடிக்ட் மார் கிரகோரியோஸ் ஒருவர் என்பதும், அந்நகரின் ஸ்ரீகார்யத்தில் உள்ள லொயோலாச் சிற்றாலயம் பேக்கரின் கைவண்ணமே என்பதும் நமக்கு மகிழ்வூட்டும் செய்திகள். தென்காசியிலிருந்து ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தால் நூறு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான தொலைவுதான். குடும்பத்தோடு ஒருமுறை போய்ப் பார்த்து வரலாம்.

ஐந்து மைல் என்றால் எட்டுக் கிலோமீட்டர். தென்காசியை நடுவில் வைத்து அப்படியொரு வட்டம் வரைந்தால் உள்ளே என்னென்ன விழும்? மேற்கே செங்கோட்டையின் மர அறுவை ஆலைகளில் குவியும் மரத்தூள் கிடைக்கும். அரிசி ஆலைகளின் உமியும் உமிச் சாம்பலும் உண்டு. தென்னந்தோப்புகளின் மட்டையும் நாரும், கல் உடைக்கும் கிரஷர்களின் தூசியும் அகப்படும். இடிக்கப்படும் பழைய வீடுகளின் ஓடும் உத்தரமும் சன்னலும் கதவும் வந்து சேரும். குற்றாலத்தின் நெகிழியும் புட்டியும் இருக்கவே இருக்கின்றன. ஆக, நம் வட்டத்துக்குள் கழிவுக்குப் பஞ்சமில்லை.

நாம் இன்று வீடு கட்டுவது எதைக் கொண்டு? செங்கலுக்கு வயல் மண். கலவைக்கு ஆற்று மணல், அது கிடைக்காதபோது மலையை உடைத்த மணல். ஆயிரம் சூளைச் செங்கலுக்கு ஏறத்தாழ மூன்று டன் களிமண் வேண்டும். நஞ்சையின் மேல்மண்ணை ஒருமுறை வெட்டி விற்றுவிட்டால், அந்த நிலம் பழைய விளைச்சலுக்குத் திரும்பப் பல்லாண்டு ஆகும். வீடு கட்டும் ஏழையும் வயல் வைத்திருக்கும் ஏழையும் ஒரே மண்ணுக்காக மல்லுக்கு நிற்பது நல்ல நிலைமையா?

சாம்பலில் வீடா?

எங்கள் கணக்குக்கு மலிவாகவும் உறுதியாகவும் பட்டது உலர் சாம்பல் கல். அதைச் சொன்ன உடனேயே வந்தது எதிர்ப்பு, அந்தத் தாயிடமிருந்தே.

"அண்ணாச்சி, அடுப்புச் சாம்பலைக் குப்பையிலே கொட்டுறோம். அதை வச்சு யாராவது வீடு கட்டுவாங்களா? இருந்த வீடு தண்ணியிலே கரைஞ்சுது. இது காத்துலேயே பறந்துராதா?"

கொத்தனாரும் அவர் பக்கம் சாய்ந்தார். "அக்கா சொல்றது சரிதான். அந்தக் கல்லிலே பூச்சு பிடிக்காது. வெடிப்பு விடும். நான் பார்த்திருக்கேன்" என்றார்.

இருவரையும் நான் குறைகூறவில்லை. ஒருமுறை வீடிழந்தவரின் அச்சம் நியாயமானது. கொத்தனார் கண்ட வெடிப்பும் பொய்யன்று. அதற்குப் பின்னர் வருகிறேன். முதலில் அந்தச் சாம்பல் எது என்பதை விளக்கியாக வேண்டும்.

அனல் மின்நிலையங்களில் நிலக்கரியை மாவாக அரைத்துத்தான் எரிக்கிறார்கள். நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்கு சாம்பல். கொதிகலனின் கடும் வெப்பத்தில் அச்சாம்பல் உருகி, புகையோடு மேலே செல்லும்போது குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி மணிகளாகிறது. புகைபோக்கிக்கு முன்னரே மின்விசையால் அவற்றை ஈர்த்துப் பிடிக்கிறார்கள். இதுவே உலர் சாம்பல். அடுப்பில் விறகு எரிந்து மிஞ்சும் சாம்பலுக்கும் இதற்கும் உறவு பெயரளவில்தான். 1979-இல் முதல் அலகு ஓடத் தொடங்கி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தலா 210 மெகாவாட் கொண்ட ஐந்து அலகுகளாக வளர்ந்த தூத்துக்குடி அனல் மின்நிலையம் நமக்கு அண்மையில் உள்ளது. இந்தியா முழுவதிலும் ஆண்டுக்கு முப்பது கோடி டன்னுக்கு மேல் இச்சாம்பல் சேர்கிறது. குவித்து வைத்தால் காற்றில் பறந்து நுரையீரலைக் கெடுக்கும். குட்டையில் கரைத்துவிட்டால் நீரைக் கெடுக்கும். எனவேதான், மின்நிலையங்களைச் சுற்றியுள்ள பகுதிகளில் செங்கல்லுக்கு இதைப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 1999-இல் ஆணை பிறப்பித்தது.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். சாம்பல் எப்படிக் கல்லாகும்? அக்கண்ணாடி மணிகளில் சிலிக்காவும் அலுமினாவும் உள்ளன. அவற்றோடு சுண்ணாம்பும் நீரும் சேர்ந்தால், மெல்ல மெல்ல வேதிமாற்றம் நிகழ்ந்து, சிமெண்டில் உண்டாவதைப் போன்றே ஒரு கெட்டிப்பொருள் உருவாகி எல்லாவற்றையும் பிணைக்கிறது. சாம்பலில் பாதிக்கு மேல், கிரஷர் தூசி கால் பங்குக்குச் சற்றுக் கூடுதல், மீதி சுண்ணாம்பும் சிறிது ஜிப்சமும், அல்லது அவ்விரண்டுக்கும் மாற்றாகக் கொஞ்சம் சிமெண்ட். இவற்றைக் கலந்து இயந்திரத்தில் அழுத்தி, நிழலில் அடுக்கி, இரண்டு மூன்று வாரம் நீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். சூளை இல்லை, விறகு இல்லை, வயல் மண்ணும் இல்லை. ஜிப்சம் கூட உரத் தொழிற்சாலையில் பாஸ்பாரிக் அமிலம் எடுத்த பின் மிஞ்சும் கழிவாகவே கிடைக்கிறது. விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த பானுமதிதாஸ், காளிதாஸ் என்னும் ஆய்வாளர்கள் இம்முறையைச் சிறு தொழிலாக நாடெங்கும் பரப்பினர்.

இது நேற்று முளைத்த புதுமை என்று எண்ணிவிட வேண்டா. இத்தாலியின் பொசுவோலி என்னும் ஊரருகே கிடைத்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு சேர்த்தே பண்டைய ரோமானியர் கட்டினார்கள். ரோமை நகரின் பாந்தியோன், 43 மீட்டர் அகலக் குவிமாடத்தோடு, ஒரு கம்பியும் இல்லாமல், பத்தொன்பது நூற்றாண்டுகளாக நிற்கிறது. 609-ஆம் ஆண்டில் அது தேவதாயின் பெயரால் ஆலயமாக அர்ச்சிக்கப்பட்டது. இன்றும் அங்குத் திருப்பலி உண்டு. அவ்வளவு தொலைவு ஏன்? பென்னிகுயிக் 1887 முதல் 1895 வரை பாடுபட்டுக் கட்டிய முல்லைப்பெரியாறு அணையில் சிமெண்டுக்கு மாற்றாக நின்றது சுண்ணாம்பும் சுர்க்கியும். சுர்க்கி என்பது சுட்ட செங்கலை இடித்த தூள்தானே! நம் பாட்டனார் காலத்துச் சுவர்களும், கரையில் ஒதுங்கிய கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பில் கடுக்காய் நீரையும் கருப்பட்டியையும் கலந்து எழுப்பியவையே. கழிவையும் குப்பையையும் கட்டடமாக்கும் கலையை நாம் மறந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகவில்லை.

இத்தனையும் சொன்னேன், அந்தத் தாய் பொறுமையாகக் கேட்டார். பாந்தியோனைக் கேட்டு அவர் மனம் மாறியதாகத் தெரியவில்லை. "கல்லைக் கொண்டு வாங்க, பார்ப்போம்" என்றார். அதுவே சரியான முறை.

ஐந்து கற்கள் வந்தன. ஒன்றோடொன்று தட்டினோம், மணியோசை போன்ற ஒலி வந்தது. இடுப்புயரத்திலிருந்து தரையில் போட்டோம். ஒன்று மட்டும் முனை சிதைந்தது. காய்ந்த கல்லை எடைபோட்டு, ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறவைத்து, மீண்டும் நிறுத்தோம். எடை நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் கூடினால் அக்கல் தேறாது. எங்கள் கல் தேறிற்று. வாசகர்கள் யாரேனும் இக்கல்லை வாங்க நேர்ந்தால், இம்மூன்று சோதனைகளையும் செய்யாமல் பணம் கொடுக்க வேண்டா. சிறிய சூளைக் கற்களில் பல, சதுர சென்டிமீட்டருக்கு 35 கிலோ அழுத்தம் தாங்கினாலே போதும் என்று விற்கப்படுகின்றன. நன்கு செய்த சாம்பல் கல் 75 கிலோவும் அதற்கு மேலும் தாங்கும்.

'நன்கு செய்த' என்ற சொல்லில்தான் கொத்தனார் கண்ட வெடிப்பின் காரணம் அடங்கியிருக்கிறது. சில களங்களில் கல்லை அச்சிலிருந்து எடுத்த ஒரு வாரத்திலேயே லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். சாம்பலும் சுண்ணாம்பும் கூடிக் கெட்டிப்பட நாள் வேண்டும், நீர் வேண்டும். இரண்டும் கிடைக்காத கல், சுவரில் ஏறிய பிறகு சுருங்கும், பூச்சு கீறும். இது சாம்பலின் குற்றமன்று, அவசரத்தின் குற்றம். சமையலறையில் இட்லி மாவைப் பொங்கவிடாமல் ஊற்றுபவரும் மாவைத்தான் பழிப்பார். நாங்கள் கல் அடித்த நாளைக் களத்துக்காரரிடம் எழுதி வாங்கி, மூன்று வாரம் கழித்தே ஏற்றினோம். பூச்சு வேலைக்கு முன் சுவரை நனைக்கவும், கலவையில் சிமெண்டை அளவுக்கு மீறிக் கொட்டாதிருக்கவும் கொத்தனார் இசைந்தார். விளிம்பு நேராக இருந்ததால் கலவையும் குறைவாகவே செலவாயிற்று என்று பின்னர் அவரே கூறினார்.

ஒன்றை மறைக்கலாகாது. தூத்துக்குடி ஐந்து மைல் வட்டத்துக்குள் இல்லை. சாம்பல் நூறு கிலோமீட்டர் லாரியில் பயணம் செய்தே வருகிறது. அந்த லாரிக்கு டீசல் வேண்டும். காந்தியடிகள் பார்த்தால் முகம் சுளிக்கக்கூடும். உமிச் சாம்பலில் சிலிக்கா எண்பத்தைந்து விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. அளவான வெப்பத்தில் எரித்தால் அதுவும் இவ்வேலைக்கு ஏற்றது. ஆனால் ஆலைக் கொதிகலனில் எரியும் உமி அளவான வெப்பத்தில் எரிவதில்லை. இதை ஒழுங்குபடுத்தும் பட்டறை ஒன்று நம் பகுதியில் தோன்றுமானால் லாரிக்கு வேலை குறையும்.

ஓடும் உத்தரமும்

இடிந்த பழைய வீட்டிலிருந்து என்ன மிஞ்சும்? அந்தத் தாய்க்கு மிஞ்சியவை நாட்டோடுகளும், இரண்டு தேக்குச் சட்டங்களும், அவருடைய மாமனார் காலத்து வாயிற்கதவும். அருகே ஒருவர் மங்களூர் ஓட்டு வீட்டை இடித்துக் காங்கிரீட் போட்டார்; அவருடைய ஓடுகளும் கேட்டதும் கிடைத்தன. இன்று நம் தெருக்களில் குப்பையாகக் குவியும் இந்த ஓட்டின் வரலாறு சுவையானது. 1865-இல் மங்களூரில் முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியவர் பாசல் மிஷனைச் சார்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்னும் செருமானியர். அதன்பின் மேற்குக் கரையெங்கும், மலையைக் கடந்து நம் ஊர்களிலும், கூரையின் முகத்தையே அது மாற்றிற்று.

பேக்கர் இவ்வோட்டுக்கு வேறொரு வேலை கொடுத்தார். காங்கிரீட் தளத்தின் மேல்பாதி அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான், அங்கே காங்கிரீட் வெறும் சுமை. அந்த வெறும் சுமைக்குப் பதிலாக, கம்பிகளுக்கு நடுவே இரண்டிரண்டு பழைய ஓடுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டால், தளத்தின் எடையும் குறையும், சிமெண்டும் கம்பியும் குறையும், ஓடுகளுக்கு இடையில் அடைபட்ட காற்று வெயிலையும் தணிக்கும். தளச் செலவில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு மிச்சம் என்று அவர் கணக்கிட்டார். திருவனந்தபுரத்தில் அவர் கட்டிய இல்லங்களில் அண்ணாந்து பார்த்தால் ஓடுகளின் அடிப்புறமே அழகிய விதானமாகத் தெரியும். உடைந்த ஓட்டையும் பீங்கானையும் தரையில் பதிப்பது, இடித்த வீட்டின் மரத்தை மீண்டும் சன்னலாக்குவது, நிறப்புட்டிகளைச் சுவரில் செருகி ஒளி வரச் செய்வது ஆகியன அவருக்கு அன்றாட வேலைகள்.

எங்கள் வீட்டில் அந்தத் தளம் நிறைவேறவில்லை. பழக்கமில்லாத கொத்தனாரைக் கொண்டு தலைக்கு மேல் சோதனை செய்வது அறிவுடைமையாகாது; வரைபடத்தில் உள்ளபடியே தளம் வேண்டும் என்று மேற்பார்வையாளரும் கூறினார். ஆயினும் திட்டத்தின் விதியே ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது: 360-இல் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் கூரை, மீதி 60 சதுர அடிக்குத் தீப்பற்றாத வேறு கூரை போதும். அந்த அறுபதில் பழைய தேக்குச் சட்டத்தின் மேல் மங்களூர் ஓடு ஏறி, திண்ணையாயிற்று. பீடி சுற்றும் கைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் உள்ள இடம் அதுதான். உடைந்த நாட்டோட்டுச் சில்லுகள் அடித்தளத்தின் மேல் பரப்பித் தரைக்கடியில் இறங்கின. பழைய கதவு பழைய வாயிலையே காக்கிறது.

நெகிழியும் புட்டியும்

குற்றாலத்துக் குப்பைக்கு வருவோம். மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவனுக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்ததைப் பலர் அறிவர். நெகிழிப் பைகளைப் பொடியாக நறுக்கி, 160, 170 பாகை வெப்பத்தில் இருக்கும் சரளைக் கல்லின் மேல் தூவினால், அரை நிமிடத்தில் அது உருகிக் கல்லைப் போர்த்துக்கொள்கிறது. அதன்மேல் தாரைச் சேர்த்தால் பிடிப்பு மிகுகிறது, நீர் உட்புக முடிவதில்லை. தார்ச்சாலையின் முதற் பகைவன் நீர்தான் என்பதைச் சாரல் காலத்தில் நம் சாலைகளில் பயணம் செய்தவர் ஒப்புக்கொள்வர். சென்னை ஜம்புலிங்கம் தெருவில் 2002-இல் இட்ட சாலை ஆண்டுகள் பல கடந்தும் குழி விழாமல் நின்றது. ஒற்றை வழிச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் நெகிழி செலவாகிறது. 2006-இல் கல்லூரி இதற்குக் காப்புரிமை பெற்றது; பேராசிரியரோ அதை நாட்டுக்கு இலவசமாகவே வழங்கினார். நெகிழியும் கல்லும் சேர்த்து நடைபாதைக்கான கட்டிகளையும் அவர் செய்து காட்டினார்.

பி.வி.சி. வகையை மட்டும் இதில் சேர்க்கலாகாது. சூடேறினால் நச்சுவாயு வரும். சாலை தேயும்போது நெகிழித் துகளும் தேய்ந்து மண்ணில் கலக்காதா என்ற ஐயத்தையும் தள்ளிவிட முடியாது. என் எண்ணத்தில், அருவிக்கரையில் விழாத பைதான் எல்லாவற்றிலும் சிறந்தது; விழுந்த பைக்குச் சாலை ஓர் அடைக்கலம், அவ்வளவே.

புட்டிகளின் கதை சற்று வேடிக்கையானது. ஆலந்து நாட்டு மதுத் தொழிலதிபர் ஆல்பிரட் ஹைனெக்கன், கரீபியத் தீவொன்றின் கடற்கரையில் தம் நிறுவனத்துப் புட்டிகள் சிதறிக் கிடப்பதையும் அங்குள்ள ஏழைகளுக்கு வீடில்லாததையும் ஒருங்கே கண்டு, குடித்து முடித்தபின் செங்கலாக அடுக்கத்தக்க சதுரப் புட்டியை வடிவமைக்கச் செய்தார். 1963-இல் ஒரு லட்சம் புட்டிகள் வார்க்கப்பட்டன. விற்பனைத் துறையினர் விரும்பாததால் திட்டம் கைவிடப்பட்டது. வீட்டுக்குச் சுவர் வேண்டுமென்று எவரும் குடிக்கத் தொடங்காமல் போனதும் நன்றே! நீலகிரியில் 2022 முதல் காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் பத்து ரூபாய் என்ற ஏற்பாடு வந்து, காட்டில் எறிவது குறைந்தது. அந்தத் தாயின் இளைய மகள், சாலையோரம் பொறுக்கிய பச்சைப் புட்டிகள் நான்கைக் கழுவி வைத்திருந்தாள். கொத்தனார் முணுமுணுத்துக்கொண்டே அவற்றைக் குளியலறைச் சுவரின் உச்சியில் பதித்துக் கொடுத்தார். காலை வெயிலில் அங்கே பச்சை ஒளி விழுகிறது.

இதை எழுதும்போது தளம் முடிந்து, பாத்தி கட்டி நீர் நிறுத்தியிருக்கிறது. உள்பூச்சு நடக்கிறது. கடைசித் தவணை வரவேண்டும். வெளிப்பூச்சுக்கான பணம் அதில்தான். சாரல் தொடங்குமுன் வெளிப்பூச்சு முடியாது என்கிறார் கொத்தனார். பூசவே வேண்டா, கல்லின் முகமே அழகு என்று பேக்கர் சொல்லியிருப்பார். கட்டுச் சந்துகளை மட்டும் கலவையால் நன்கு அடைத்துவிட்டால் போதும் என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"அதெல்லாம் பெரிய வீட்டுக்காரங்களுக்குச் சரி, அண்ணாச்சி. எங்களைப் போல உள்ளவங்க பூசாம விட்டா, வீடு முடியலேன்னுதான் ஊர் சொல்லும்" என்றார் அந்தத் தாய்.

சந்துகளை அடைக்கும் வேலை வரும் திங்களன்று தொடங்குகிறது. பூச்சுக்கான தொகையை ஆவணிக்குள் திரட்டித் தருவதாகச் சபையினர் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.